மேகலா ஏன் வாயைத் திறக்கவில்லை

ஆகஸ்ட் 5

ரெஜினா அக்கா இன்று கட்டளை போட்டுவிட்டார். "மங்கை, நான் சீரியலக் கேக்கறதா, நீ திட்டுறதக் கேக்கறதா? திட்டணும்னா ஒரு நோட்டுல எழுதி வை. விளம்பரம் வர்றப்ப படிச்சுக் காட்டு." அடுத்த வீட்டுக்காரர், வயதில் மூத்தவர். அவர் வீட்டு டிவி கெட்டுப்போன நாளிலிருந்து ஏழரை மணிக்கு என் தையல் அறைக்கு வந்து நாற்காலி போட்டு உட்காருகிறார். பேச்சைத் தட்ட முடியாது. ஆகவே இந்த நோட்டு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சீரியலை ஆசைப்பட்டுப் பார்க்கிறவள் இல்லை. தொழிலுக்காகப் பார்க்கிறேன். பொன்மலைப்பட்டியில் பாதிப் பெண்களுக்கு நான்தான் ஜாக்கெட் தைக்கிறேன். காலையில் கடை திறந்ததும் போனை நீட்டுகிறார்கள், "நேத்து ராஜமாதங்கி போட்டிருந்தாங்களே, அந்தக் கழுத்து". பார்க்காமல் எப்படித் தைப்பது? ஏழரை, எட்டு, எட்டரை, ஒன்பது, நாலு சீரியலும் தொழிலுக்காகத்தான். மத்தியானம் மறு ஒளிபரப்பு பார்ப்பதும் அதற்காகத்தான்.

ஏழரைக்கு 'தாலிக்கு ஒரு சாட்சி'. ராஜமாதங்கி வீட்டுப் பெண் ஸ்வாதிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணமாகி ஒரு பிள்ளையும் இருக்கிறது. இது அந்த வீட்டு மருமகள் மேகலா ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்து இன்றோடு இருபத்து மூன்று எபிசோட். இன்று மாமியார் ராஜமாதங்கியிடம் போய் நின்றாள். "அத்தை, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள். அத்தை முகம். மேகலா முகம். சமையல்காரி முகம். சுவரில் மாட்டியிருந்த மாமனார் போட்டோவின் முகம். வெளியே மழையே இல்லை, இடி இடித்தது. போன் அடித்தது. தொடரும் போட்டுவிட்டான்.

'மாப்பிள்ளைக்குக் கல்யாணமாகிவிட்டது.' இரண்டே வார்த்தை. ஊசியில் நூல் கோக்கிற நேரம்கூட ஆகாது. இந்த அறிவுகெட்டவளைப் பார்க்கத் தமிழ்நாடே உட்கார்ந்திருக்கிறது.

ஆகஸ்ட் 6

இன்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டுக் காபி போடப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 8

ஆடி முடிய ஒரு வாரம். ஆவணி முகூர்த்தத்துக்குத் துணி வந்து குவிகிறது. காஜா எடுக்கக் கொடுத்ததே இன்னும் திரும்பி வரவில்லை.

எங்கள் வீட்டிலும் செப்டம்பர் எட்டாம் தேதி கல்யாணம். பெண் சிந்துஜா. என் கணவர் தட்சிணாமூர்த்திக்கும் அவருடைய முதல் மனைவி கோகிலாவுக்கும் பிறந்தவள். சென்னையில் வேலை. கோகிலா இறந்து பன்னிரண்டு வருஷம், நான் இந்த வீட்டுக்கு வந்து பத்து.

இன்று கோகிலாவின் தங்கை அமுதா வந்தாள். என்னை அக்கா என்று கூப்பிட அவளுக்கு வாய் வராது, பேர் சொல்லித்தான். "மங்கை, முகூர்த்த ஜாக்கெட்ட தில்லைநகர்ல ஒரு பொட்டிக்ல குடுக்கலாம்னு சிந்து சொல்றா. ஆரி வேலை நல்லா பண்றாங்களாம். நீ தப்பா நெனச்சுக்காத. உனக்கும் கையில வேலை நெறைய இருக்குல்ல" என்றாள்.

எனக்கென்ன. ஒரு ஜாக்கெட் குறைந்தால் ஒரு மணி நேரம் சீக்கிரம் படுப்பேன். தையல்காரி வீட்டுப் பெண் முகூர்த்த ஜாக்கெட்டை வெளியே கொடுக்கிறாள் என்று ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். பத்து வருஷமாக அவள் என் டேப்புக்கு முன்னால் ஒருநாளும் நின்றதில்லை. சுடிதாரும் ரெடிமேடும்தான். காலேஜில் புடவை கட்டுகிற நாளுக்குக்கூட இழுத்தால் விரிகிற பனியன் துணி ஜாக்கெட் வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள். அளவெடுக்க வேண்டுமென்றால் பக்கத்தில் வரவேண்டும், கையைத் தூக்கி நிற்கவேண்டும், நான் தொட வேண்டும். அதற்கு ரெடிமேடே மேல் என்று நினைத்திருப்பாள். என்னை அவள் எந்தப் பேர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. 'சாப்பாடு ஆச்சா' என்று காற்றைப் பார்த்துக் கேட்பாள். காற்று எடுத்து வைக்கும்.

இவரிடம் சொன்னேன். "அவ இஷ்டம்" என்றார். மேகலாவின் புருஷன் கௌதம் மரக்கட்டை என்று நான் திட்டுவேன். அவன்கூட இதைவிட நாலு வார்த்தை அதிகம் பேசுவான்.

ஆகஸ்ட் 9

பொட்டிக்கில் அளவு ஜாக்கெட் கேட்டார்களாம். பெண் சென்னையில் இருக்கிறாள், முப்பத்தொன்றாம் தேதிதான் வருகிறாள். ஏற்கெனவே சரியாகத் தைத்த ஜாக்கெட் ஒன்று கொடுத்தால் அதை வைத்து வெட்டிக்கொள்வார்கள். சிந்துஜாவிடம் அப்படி ஒன்று ஏது?

அமுதா வந்து பீரோவின் அடித்தட்டைத் திறந்தாள். அங்கே கோகிலாவின் புடவைகள் இருக்கின்றன. நான் அந்தத் தட்டைத் திறப்பதில்லை, அந்துருண்டை போட மட்டும் திறப்பேன். துழாவி ஒரு ஊதா ஜாக்கெட்டை எடுத்தாள்.

"சிந்துவே போன்ல சொன்னா. அவ சடங்கு போட்டோல அம்மா போட்டிருக்கறது இது. இதே மாதிரி கழுத்து, இதே அளவுல தைக்கச் சொல்லுன்னா. எங்க அக்கா உடம்புதானே இவளுக்கும்."

நான் பார்த்தேன். உள்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அது நான் தைத்தது.

"அமுதா, அந்த ஜாக்கெட்டு..." என்றேன்.

குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல. வெயிலா இருக்கு. குடை எடுத்துக்கிட்டுப் போ."

ஆகஸ்ட் 12

இருபத்தொன்பதாவது எபிசோட். சொல்லவில்லை.

கதாசிரியர் என்று ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்களே, அவர் எந்த வீட்டில் வளர்ந்தார்? ராஜமாதங்கி ஒட்டியாணத்தோடு படுக்கிறாள். வெண்டைக்காய் நறுக்கப் பட்டுப் புடவை. கூடத்தில் நாலு பேர் ரகசியம் பேசுகிறார்கள், தூணுக்குப் பின்னால் நிற்கிறவளின் கொலுசுச் சத்தம் எங்களுக்குக் கேட்கிறது, அவர்களுக்குக் கேட்கவில்லை. ஒரு வீட்டில் ஒன்பது பேர், ஒருத்தருக்கும் வேலை வெட்டி கிடையாது, ஆனால் எல்லோரும் கம்பெனிக்கு எம்.டி. போன வாரம் இதை இன்னொரு சீரியலோடு சேர்த்து மகா சங்கமம் என்று ஒரு மணி நேரம் ஓட்டினார்கள். இரண்டு வீட்டு முட்டாள்களும் ஒரே கோவிலில் சந்தித்தார்கள்.

விளம்பரத்தில் அக்காவிடம் படித்துக் காட்டினேன். கடலையை உடைத்துக்கொண்டே சிரித்தார். பிறகு, "பாவம்டி மேகலா. சொல்லாம இருக்கறதுக்கு அவளுக்கும் ஒரு காரணம் இருக்கும்ல?" என்றார்.

"என்ன காரணம்? கொழுப்பு."

"ஏன் இன்னிக்கு இவ்ளோ சூடு? ஆமா, சிந்துஜா ஜாக்கெட் வெட்டியாச்சா?"

"வெளிய குடுத்திருக்காங்க."

அக்கா கடலையைப் பார்த்தார். விளம்பரம் முடிந்துவிட்டது.

ஆகஸ்ட் 15

சுதந்திர தினச் சிறப்பு எபிசோட், ஒரு மணி நேரம். சுதந்திரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தொடக்கத்திலேயே ஒரு அட்டை போட்டார்கள். இந்தப் பக்கம் பழைய மேகலா, அந்தப் பக்கம் புது மேகலா, நடுவில் 'இனி இவருக்குப் பதில் இவர்'. பழையவளுக்கு சினிமா வாய்ப்பு வந்துவிட்டதாம். அவ்வளவுதான். மூக்கு வேறு, குரல் வேறு, உயரம் அரை அடி குறைவு. மாமியார் ஒன்றும் கேட்கவில்லை. புருஷன் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. புதியவளும் நேற்றுவரை அந்த வீட்டிலேயே அழுதுகொண்டிருந்தவள் மாதிரி விட்ட இடத்திலிருந்து அழுகிறாள்.

அதைவிடக் கேவலம், ஜாக்கெட். பழையவளுடைய அரக்கு ஜாக்கெட்டையே புதியவளுக்கு மாட்டிவிட்டிருக்கிறார்கள். இவள் சற்றுப் பூசினாற்போல் இருக்கிறாள், பக்கத் தையலைப் பிரித்து விட்டிருக்கிறார்கள். பிரித்த இடத்தில் சாயம் போகாத துணி பட்டையாகத் தெரிகிறது. கோடிக்கணக்கில் செலவழித்து வீடு கட்டத் தெரிந்தவனுக்கு ஒரு மீட்டர் துணி வாங்கத் தெரியவில்லை.

மேகலாவின் மகள் மித்ரா என்று ஒரு குட்டி. பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து புது மேகலாவைப் பார்த்தது. ஒரு நொடி. எண்ணிப் பார்த்தேன், ஒரே நொடி. "அம்மா" என்று கட்டிக்கொண்டது. எந்த வீட்டில் ஐயா இப்படி நடக்கிறது? எந்தக் குழந்தை கட்டிக்கொள்கிறது? பத்து வருஷம் சோறு போட்டாலும்

இது வேறெங்கோ போகிறது. நாளை மூன்று ஜாக்கெட் கொடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 18

ஞாயிறு. சீரியல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மனிதர்கள் என்னதான் செய்கிறார்களோ. இந்தப் பக்கத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டப் போவதில்லை.

கோகிலா என் வாடிக்கைக்காரி. ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வருவாள், கலகலவென்று பேசுவாள். எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது, ஜாதகத்தில் கோளாறு என்று கல்யாணமாகாமல் கிடந்தேன். "உனக்கு ஒருத்தன் இனிமேயா பொறக்கப் போறான், எங்கேயோ இருக்கான் மங்கை" என்று தேற்றுவாள். அந்த ஊதா ஜாக்கெட்டை அவளுக்கு ஒரு தீபாவளிக்குத் தைத்தேன். அடுத்த வருஷம் அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். பங்குனியில் அதே ஜாக்கெட்டைக் கொண்டு வந்தாள். "தோள்ல நிக்க மாட்டேங்குது, கொஞ்சம் பிடிச்சுக் குடு." பிடித்துக் கொடுத்தேன். ஆனியில் மறுபடி வந்தாள். ஆவணியில் சிந்துஜாவுக்குச் சடங்கு வைத்தார்கள், மூன்றாம் தடவையும் வந்தாள். பக்கத்தில் தையல் போட்டுப் பிடிக்க இனி இடமே இல்லை. முழுக்கப் பிரித்துத் தோளையும் கையையும் வெட்டி மறுபடி தைத்தேன். கைச்சுற்று ஒன்பதரை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த அளவு இருக்கும். சடங்கு முடிந்து இரண்டு மாதத்தில் போய்விட்டாள்.

ஆக, அந்த ஜாக்கெட் கோகிலாவின் அளவு இல்லை. கோகிலாவின் நோயின் அளவு. இருபத்தைந்து வயதில் நன்றாகச் சாப்பிட்டு நடமாடுகிற பெண்ணுக்கு அதை வைத்து வெட்டினால் முழங்கையைத் தாண்டாது. இது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

சொல்லலாம். சொன்னால் அமுதா என்ன சொல்வாள் என்று தெரியும். நான் கழுத்தை நீட்டிய அன்றே தெருவில் சொன்னவள்தான், "ஜாக்கெட்டுக்கு அளவெடுக்க வந்தவ வீட்டுக்கே அளவெடுத்துட்டா" என்று. இப்போது, வேலை தனக்கு வரவில்லை என்று குறை சொல்கிறாள் என்பாள். எதற்கு வம்பு.

ஆகஸ்ட் 21

பொட்டிக்கிலிருந்து அமுதாவுக்குப் படம் அனுப்பியிருக்கிறார்கள், அவள் இவருக்கு அனுப்பியிருக்கிறாள். இவர் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, வெள்ளைக் கோட்டில் முதுகும் கையும் வரைந்து, கோட்டுக்குள் ஜரிகை வேலை பாதி முடிந்திருக்கிறது. இன்னும் வெட்டவில்லை. வேலை முடிந்த பிறகுதான் வெட்டுவார்கள்.

"நல்லாருக்குல்ல?" என்றார்.

கைக்கு வரைந்திருந்த கோட்டைப் பார்த்தேன். அளவு எழுதியிருக்க வேண்டியதில்லை, என் கண்ணுக்குத் தெரியும்.

"நல்லாருக்கு."

"ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"மேகலாவ மாத்திட்டாங்கல்ல. மனசே சரியில்ல."

இவர் நம்பிவிட்டார். இந்த மனிதரை வைத்து ஆயிரம் எபிசோட் எடுக்கலாம்.

ஆகஸ்ட் 24

வெட்டிவிட்டார்களாம். இனிச் சொல்லி என்ன பயன்? புது மேகலாவும் இன்று இதே வசனத்தைத்தான் பேசினாள், பத்திரிகை அடித்தாகிவிட்டது, இனிச் சொல்லி என்ன பயன் என்று. கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருந்தது.

ஆகஸ்ட் 29

ஒருவழியாக ஸ்வாதியின் கல்யாணம். நாற்பத்து நாலாவது எபிசோட்.

மண்டபத்தில் இருநூறு பேர். மேளம் உச்சத்தில். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டான். எடுத்தவன் கட்ட வேண்டியதுதானே, எங்கள் ஊரில் ஒரு நொடியில் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். இவன் தாலியைப் பிடித்துக்கொண்டு நாலு நிமிஷம் உட்கார்ந்திருக்கிறான். அப்போது வாசலில் புது மேகலா. தலைமுடி விரித்து, காற்றோ காற்று. கல்யாண மண்டபத்துக்குள் அவ்வளவு காற்று எப்படி வரும்? "நிறுத்துங்க!" இருநூறு முகமும் திரும்பியது. ஸ்வாதி மணவறையில் மாலையோடு உட்கார்ந்து ஊர் முன்னால் அழுகிறாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாப்பத்து நாலு நாளா தெரியும்ல இவளுக்கு? அன்னிக்கே அடுப்படியில வச்சு ரெண்டு வார்த்த சொல்லியிருந்தா இந்தப் பொண்ணு இப்படி உக்காந்து அசிங்கப்பட வேண்டாம்ல?"

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "அடுப்படியில சொன்னா யாருடி பாப்பா? இப்பப் பாரு, மண்டபமே அவளத்தான் பாக்குது. அதுக்குத்தானே இத்தன நாளாக் காத்துக்கிட்டிருந்தா."

அக்கா சீரியலைப் பற்றித்தான் சொன்னார். எட்டு மணி சீரியலில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கண் திரையில்தான் இருந்தது.

ஆகஸ்ட் 30

எழுதிவிடுகிறேன்.

அமுதாவுக்குப் பயந்து நான் சொல்லாமல் இருக்கவில்லை. நேரமும் போகவில்லை. குக்கர் விசிலும் காரணமில்லை. எட்டாம் தேதி காலை மண்டபத்தில் என்ன நடக்கும் என்று நான் இருபது நாளாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மணமகள் அறையில் கை ஏறாது. ஹூக் சேராது. முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம். அமுதாவுக்கு வேர்த்துக் கொட்டும். பொட்டிக்காரி போனை எடுக்க மாட்டாள். யாரோ ஒருத்தி கத்துவாள், "மங்கையக் கூப்பிடுங்க!" கூட்டம் விலகும். நான் நடந்து வருவேன். சிந்துஜா என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி நிற்பாள்.

நான் நடந்து வரும்போது என்ன புடவை கட்டியிருப்பேன் என்பது வரை யோசித்து வைத்திருக்கிறேன். மண்டபத்துக்குக் கொண்டு போகிற பையில் கத்தரிக்கோல், ஊசி, அரக்கு நூல், ஹூக் டப்பா எல்லாம் போன வாரமே எடுத்து வைத்தாகிவிட்டது.

அந்தப் பெண் மாலை போடுகிற நேரத்தில் அழ வேண்டும் என்று நான் பத்து விரலாலும் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். மேகலாவைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

செப்டம்பர் 1

சிந்துஜா நேற்று வந்துவிட்டாள். இன்று காலை அமுதா பொட்டிக் பெட்டியையும், அளவுக்குக் கொடுத்த ஊதா ஜாக்கெட்டையும் கொடுத்துவிட்டு, மற்ற வேலைக்கு ஓடினாள். சிந்துஜா பெட்டியோடு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அரை மணி நேரம். வெளியே வந்தபோது கண் இமை வீங்கியிருந்தது.

"ஜாக்கெட் சரியா இருக்காம்மா?" என்று இவர் கேட்டார்.

"ம். நல்லாருக்குப்பா."

இவர் நிம்மதியாகப் பத்திரிகைக் கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இந்த வீட்டில் நான் ஒருத்திதான் மேகலா என்று நினைத்திருந்தேன்.

நான் அவள் அறை வாசலில் போய் நின்றேன். பத்து வருஷத்தில் அந்த நிலைப்படியை நான் பெருக்கத்தான் தாண்டியிருக்கிறேன்.

"அது உள்ள ஏறியிருக்காது" என்றேன். "கை முழங்கை தாண்டியிருக்காது. ஏறாதுன்னு எனக்கு ஒம்பதாம் தேதியே தெரியும்."

நிமிர்ந்து பார்த்தாள். "தெரியுமா?"

"அளவுக்குக் குடுத்த ஜாக்கெட், உங்கம்மா முடியாம இருந்தப்ப நான் மூணு தடவ பிரிச்சுப் பிடிச்சது. உன் சடங்குக்குப் போட்டுக்கணும்னு சொன்னாங்க. அத வச்சு வெட்டுனா உனக்குச் சேராது. சொல்லியிருக்கணும். சொல்லல."

"ஏன் சொல்லல?"

"என்கிட்ட குடுக்கலன்னு கோபம். கல்யாணத்தன்னிக்கு எல்லார் முன்னாடியும் நீ என்னத் தேடணும்னு இருந்தேன்."

இடி இடிக்கவில்லை. யாருக்கும் போன் வரவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. இந்த மாதிரி நேரத்தில் ஒரு போன் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஒரு மாசம்" என்றாள். "ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"பண்ணியிருக்கலாம்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் மடியில் கிடந்த ஊதா ஜாக்கெட்டை எடுத்து அதன் கையை விரல்களால் வளைத்துப் பார்த்தாள். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டாள்.

"அப்ப எங்கம்மா இவ்ளோ ஒல்லி இல்லயா?"

எனக்குப் புரியவில்லை.

"எனக்கு அம்மாவ இப்படித்தான் ஞாபகம் இருக்கு. மடியில படுத்தா எலும்பு குத்தும். அதுக்கு முன்னாடி எப்படி இருந்தாங்கன்னு யோசிச்சா வரவே மாட்டேங்குது. போட்டோல எல்லாம் இழுத்துப் போத்திக்கிட்டு நிக்கறாங்க. அப்பாவக் கேட்டா 'நல்லா இருப்பா'ங்கறார். காலையில இந்த அளவுல தச்சது கையில ஏறலன்னதும், நம்ம அம்மா பக்கத்துலகூட நம்மளால போக முடியாது போலன்னு..." ஊதா ஜாக்கெட்டை முகத்தில் வைத்துக்கொண்டாள்.

நான் தையல் அறைக்குப் போனேன். பரணில் ஏறினேன். தூசியில் தும்மித் தும்மிப் பழைய அளவு நோட்டுகளைப் புரட்டினேன். ஒன்றில் கிடைத்தது. கொண்டு வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து படித்தேன்.

"கோகிலா, ரயில்வே குவார்ட்டர்ஸ். உயரம் பதினாலரை. மார்பு முப்பத்தாறு. இடுப்பு முப்பத்தொண்ணு. தோள் பதினாலு. கைச்சுற்று பதிமூணு. இடது தோள் கால் இஞ்ச் எறக்கம்."

"இன்னொரு தடவ படிங்க."

படித்தேன்.

"இடது தோள் எறக்கம்னா?"

"சில பேருக்கு ஒரு தோள் கொஞ்சம் எறங்கியிருக்கும். அதுக்குத் தகுந்தாப்ல வெட்டணும். இல்லன்னா அந்தப் பக்கம் சரிஞ்சு சரிஞ்சு விழும்."

"எனக்கு பேக் மாட்டுனா இந்தப் பக்கம்தான் நழுவும்" என்றாள். இடது தோளைத் தொட்டாள்.

எழுந்தாள். ஜன்னலுக்கு நேராக வந்து நின்றாள். கையைத் தூக்கினாள்.

"எடுங்க."

எடுத்தேன். ஒவ்வொரு எண்ணையும் நான் வாய்விட்டுச் சொல்ல, அவள் நோட்டில் அந்த வரியைக் கண்ணால் தேடினாள். மார்பு முப்பத்தாறு. தோள் பதினாலு. கைச்சுற்று பன்னிரண்டே முக்கால். இடுப்பு மட்டும் இரண்டு இஞ்ச் குறைவு, ஹாஸ்டல் சாப்பாடு. கடைசியாக இடது தோளில் டேப்பை வைத்தேன். கால் இஞ்ச். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். டேப் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கிடந்தது.

இந்த இடத்தில் அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டிருந்தால் நானே எழுந்து சேனலை மாற்றியிருப்பேன். கூப்பிடவில்லை. "இந்த நோட்ட நான் வச்சுக்கட்டுமா?" என்றுதான் கேட்டாள். அதில் இன்னும் நாற்பது பேர் அளவு இருக்கிறது. கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 3

பெரிய கடைவீதியில் மூன்று கடை ஏறி இறங்கிப் பட்டுத் துணி பிட் எடுத்தோம். அரக்குப் புடவைக்கு இலைப் பச்சை. ஜரிகை வேலைக்கு நேரமில்லை என்றேன். "வேலையெல்லாம் வேணாம். மூச்சு விட வசதியா இருந்தாப் போதும்" என்றாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நானும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

செப்டம்பர் 5

தைத்து முடித்தேன். இரண்டு தடவை பிரித்தேன். பிரிக்க வேண்டிய அவசியம் இல்லை.

ரெஜினா அக்கா ஏழரைக்கு வந்து, மேகலாவை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டார்கள், ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று குடும்பமே கேட்கிறது என்றார். நியாயமான கேள்வி. முதல் தடவையாக அந்தக் கதாசிரியருக்கு ஒரு நல்ல வரி வந்திருக்கிறது.

செப்டம்பர் 8

கல்யாணம் முடிந்தது. கால் வீங்கிவிட்டது. சுருக்கமாக எழுதுகிறேன்.

சாப்பாட்டில் சாம்பார் தண்ணீர். வீடியோக்காரன் சீரியல் பார்த்துக் கெட்டவன், பெண்ணை மூன்று தடவை திரும்பிப் பார்க்கச் சொன்னான். தாலியை மாப்பிள்ளை எடுத்த கையோடு கட்டினார். யாரும் வாசலில் வந்து நிற்கவில்லை.

அதற்கு முன்னால், மணமகள் அறையில். சிந்துஜா அலங்காரம் முடிந்து நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்து மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஜாக்கெட் அம்சமா உக்காந்திருக்கே, அளவெடுத்து ஊத்துன மாதிரி. எங்க குடுத்தீங்க?" என்று கேட்டார்.

அமுதா, "தில்லைநகர்ல..." என்று ஆரம்பித்தாள். அவளுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அரக்கில் ஜரிகை வேலையோடு வந்தது பச்சையில் வேலையில்லாமல் நிற்பதை அந்த அவசரத்தில் அவள் கவனிக்கவுமில்லை.

"இல்ல அத்தை" என்றாள் சிந்துஜா. "எங்க வீட்ல தச்சது."

அறையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் என் முகம் தெரிந்திருக்காது. நான் அவள் காலடியில் உட்கார்ந்து புடவைக் கொசுவத்தை இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். கொசுவம் ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. எழுந்திருக்க முடியாமல் இன்னும் கொஞ்ச நேரம் இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன்.